கசிவு

நக்கிள்ஸ் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் திகன சந்திக் கடைக்காரர்கள் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். வாசலில் அடுக்கிய சாமான்களை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுத் தகரத்தில் மழை விழக் காத்திருப்பார்கள். அந்தக் கிழமை யாரும் சாமான்களை வெளியே எடுக்கவே இல்லை. மழை ஓய்ந்தால்தானே!

சீதாவின் சாப்பாட்டுக் கடை மழைக்கு முன்பே பூட்டியாகிவிட்டது. காலையில் இடியப்பம், பருப்பு, கட்டச்சம்பல். பகலுக்குச் சோற்றுப் பார்சல். பின்னேரம் ரொட்டியும் கடலைக் கறியும். பஸ்காரர்கள், மேசன்மார், கார்மண்ட் பெக்டரிப் பிள்ளைகள் என்று அவள் கைப்பக்குவத்தைத் தேடி வருகிற கூட்டம் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. "சீதாக்காவுக்கு வயித்த வெட்டிட்டாங்களாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். "முழுசாவா?" என்று கேட்டவர்களும் உண்டு.

கடைக்குப் பின்னாலேயே வீடு. குசினி யன்னலோரம் மரக்கதிரையில் சீதா உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. கையில் மருந்துப் போத்தல் மூடி. அந்த மூடியளவு தண்ணீரைக் குடித்துக் கொஞ்சம் பொறுத்து இன்னொரு மூடி குடிக்க வேண்டும். மடக்கென்று குடித்தால் புது வயிறு தாங்காது. முன்பு ஒரு செம்புத் தண்ணீரை நின்ற நிலையில் குடிப்பவள் அவள்.

அன்று விடிந்ததிலிருந்து மூடித் தண்ணீர்கூட இறங்கவில்லை. இடது தோளில் ஒரு வலி. சுமை தூக்கிப் பிடித்த வலி மாதிரி இல்லை. உள்ளேயிருந்து யாரோ கொக்கி போட்டு இழுப்பது மாதிரி. நெஞ்சு கிடந்து அடித்தது. மாடிப்படி ஏறாமலேயே மூச்சு வாங்கியது.

இது என்னவென்று சீதாவுக்குத் தெரியும். வீட்டுக்கு அனுப்பிய அன்று வாட்டிலிருந்த யாழ்ப்பாணத்து டொக்டர் பிள்ளை கஜாலினி கட்டிலருகே நின்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். "அக்கா, தோள் நொந்தாலோ, காய்ச்சல் காய்ஞ்சாலோ, நெஞ்சு படபடத்தாலோ ஒரு நிமிசமும் வீட்டில இருக்கக்கூடாது. வாயு எண்டு நினைச்சு ஓமத்தண்ணி குடிச்சுக்கொண்டு படுக்காதேங்கோ. நேர இஞ்ச வாங்கோ."

தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கஜேந்திரனிடம்தான் திறக்க வேண்டும்.

கஜேந்திரன் அவளுடைய புருஷன். சின்ன லொறி ஒன்று வைத்திருந்தான். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டங்களில் லீக்ஸ், கோவா, போஞ்சி ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோய் இறக்குவது தொழில். ஒல்லியான ஆள், அவளில் பாதி. இரண்டு பேரும் ரோட்டில் சேர்ந்து போனால் சந்திப் பயல்கள் ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் கடை பூட்டியபிறகு ஒரே தட்டில் சோற்றைப் போட்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கம் கலியாணமான நாளிலிருந்து அவர்களுக்கு இருந்தது. மகள் மதுஷா கட்டிக்கொண்டு தம்புள்ளைக்குப் போன பிறகும் அது மாறவில்லை.

ஒபரேஷன் என்று சீதா சொன்ன அன்றுதான் அந்தத் தட்டு முதல்முறையாகப் பாதியில் நின்றது.

"சீனி ஏறிக்கிட்டே போகுதுங்க. முட்டி தேஞ்சு போச்சு. படுத்தா மூச்சு நின்னு நின்னு வருதாம், மதுஷாவே பாத்துட்டுச் சொன்னா. கிளினிக்ல பெரிய டொக்டர் சொல்றாரு, வயித்தச் சின்னதாக்கினா எல்லாம் எறங்குமாம். பெருசா கிழிக்க மாட்டாங்க. அஞ்சு சின்ன ஓட்டை. கமராவ விட்டுச் செய்வாங்க."

"ஓட்டையோ கிழிசலோ, நல்லாருக்கிற வயித்துல கத்தி வைப்பாங்களா? வாயக் கட்ட ஏலாதுன்னு வயித்த வெட்டுறதா?"

"வாயக் கட்டித்தான பாத்தேன். எத்தன வருசமாப் பாத்தேன்."

"அப்ப ஒன் இஷ்டத்துக்கு வெட்டிக்க. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு வந்து என் மூஞ்சியப் பாக்காத."

சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சீதா அதை அப்படியே எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு மதுஷாதான் கூட வந்து நின்றாள். கஜேந்திரன் பார்க்கிற நேரத்தில் வருவான், கட்டில் காலடியில் நின்று கூரையைப் பார்ப்பான், போவான். வீட்டுக்கு வந்த பிறகு அவன் அவளெதிரில் சாப்பிடுவதில்லை. வெளியே எங்கோ கொத்துரொட்டி தின்றுவிட்டு, பசிக்கவில்லை என்று பொய் சொல்லிப் படுத்தான். சட்டையில் வந்த வாசமே அவளுக்கு உண்மையைச் சொன்னது. அவளும் கேட்கவில்லை.

அன்று காலை பக்கத்துத் துணிக்கடை றம்ஸியா பார்லித் தண்ணீரோடு பின்வாசலால் வந்தாள். சீதாவைவிட மூத்தவள். ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்து பழகிய பழக்கத்தில் சீதா அவளை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"வடிச்சுத் தெளிவுதான் புள்ள கொண்டுவந்த. ஒரு திப்பி கூட இல்ல. குடி."

"வைங்க ராத்தா. பொறகு குடிக்கிறேன்."

"நேத்தும் இதத்தானே சென்ன." கோப்பையை வைக்கப்போன றம்ஸியாவின் விரல் சீதாவின் கையில் பட்டது. அவள் கோப்பையை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு கழுத்தில் புறங்கையை வைத்தாள். "அல்லாவே! மேல் கொதிக்குது. நெஞ்சு இந்தப் பாடு அடிக்குது. எத்தன நாளா இப்பிடி ஈக்கிது?"

"இன்னைக்கித்தான். நேத்துப் பின்னேரம் தோளு மட்டும் நொந்துச்சு."

"கஜேந்திரன் தம்பிக்குச் சென்னியா?"

இல்லையென்று சீதா தலையை ஆட்டினாள். "சொல்லாதீங்க ராத்தா. மழைக் குளிருக்கு வந்த காய்ச்சலாயிருக்கும். சும்மா அவரு வாயில விழ என்னால ஏலாது."

"அவன் வாயில விழாம மையித்துக் குழியில விழப் போறியா?"

அந்த நேரம் பார்த்து முன்பக்கம் லொறி வந்து நின்றது. கஜேந்திரன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். காற்சட்டையில் முட்டிவரை சேறு.

"குண்டசாலைக்கு இந்தப் பக்கம் மேடு சரிஞ்சிருச்சாம். ஒரு வண்டி விடுறான் இல்ல. லீக்ஸ் எல்லாம் அவிஞ்சு போகப்போகுது." சொல்லிக்கொண்டே வந்தவன் இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்து நின்றான். "என்னா?"

சீதா றம்ஸியாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. றம்ஸியா அதைக் கண்டும் காணாதவள் போல அவன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இவளுக்குக் காய்ச்சல். தோள் நோவு. நெஞ்சடிக்குது. நேத்தே தொடங்கியிருக்கு. ஒங்களுக்குச் செல்லப் பயந்துக்கிட்டு மூடி வெச்சுக்கிட்டு ஈக்கிறா."

கஜேந்திரன் தலைச் சாக்கை உருவிப் போட்டான். சத்தம் போடுவான் என்று சீதா கண்ணை மூடிக்கொண்டாள். அவன் குசினி மூலையில் ஓமத்தண்ணீர்ப் போத்தலை எடுத்தான், மூடியைத் திருகினான்.

"வாயுவா இருக்கும். இதுல கொஞ்சம் குடி."

"குடிக்கக்கூடாதுங்க." அவள் குரல் சன்னமாக வந்தது. "இது வாயு இல்ல. டொக்டர் புள்ள சொல்லித்தான் அனுப்புச்சு. உள்ளுக்குக் கசியுது போலருக்கு."

கசியுது என்ற சொல் அவனுக்கு முழுதாக விளங்கவில்லை. விளங்கிய அளவே போதுமாக இருந்தது. போத்தலை அப்படியே வைத்தான்.

றம்ஸியா வாட்டுக்குப் போன் போட்டாள். நல்ல காலம், கஜாலினியே எடுத்தாள். "ஓம், ஓம். விளங்குது. வாயால ஒரு சொட்டும் குடுக்காதேங்கோ. தண்ணியும் வேண்டாம். இப்பவே வெளிக்கிடுங்கோ. நான் இஞ்ச ஆயத்தம் பண்ணிறன்." அம்புலன்ஸ் மண்சரிவுக்கு அந்தப் பக்கம் நின்றது. றம்ஸியாவின் புருஷன் முனாஸ் வேனை எடுத்துக்கொண்டு கொழும்புக்குத் துணி எடுக்கப் போயிருந்தார். மிஞ்சியது லீக்ஸ் ஏற்றிய லொறிதான்.

சீதாவை லொறியில் ஏற்றியதே பெரும்பாடு. மேசன் வேலைக்காரர்கள் இரண்டு பேர் மழையில் ஓடிவந்து கைகொடுத்தார்கள். அவள் உட்கார்ந்ததும் முன்னால் வேறு ஆளுக்கு இடமில்லை. றம்ஸியா முக்காட்டை இறுக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"ராத்தா, அங்க ஒக்கார ஏலாது. படங்கு ஒழுகுது."

"லீக்ஸுக்கு ஏலும்னா எனக்கும் ஏலும். நீங்க வண்டிய எடுங்க."

கூடைகளை இறக்கக்கூட நிற்காமல் கஜேந்திரன் வண்டியைத் திருப்பினான். மெனிக்ஹின்னையால் போய் மடவளையைப் பிடித்துக் கட்டுகஸ்தோட்டைக்கு இறங்குவதுதான் ஒரே வழி. சுற்று வழி. ரோட்டோரக் கானெல்லாம் நிறைந்து செந்தண்ணீர் தாருக்கு மேலே ஓடியது. வைப்பர் ஒன்று வேலை செய்யவில்லை. அவன் யன்னலால் தலையை நீட்டி நீட்டி ஓட்டினான். குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் சீதா பல்லைக் கடித்தாள்.

"மெதுவாப் போகவா?"

"வேணாம். போங்க."

மெனிக்ஹின்னைச் சந்தியில் பொலிஸ்காரர் கையைக் காட்டினார். "பார வஹலா", ரோடு பூட்டியாச்சு என்று தொடங்கியவர், கதவுக்குள் எட்டிப் பார்த்துச் சீதாவின் முகத்தைக் கண்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தடையை நகர்த்தினார். அந்த ரோட்டில் ஒரு பக்கம் மரம் விழுந்து கிடந்தது. மறுபக்கம் லொறி போகிற அளவுக்கு இடம் இருந்தது, மட்டுமட்டாக.

சீதாவின் உதடு வெடித்திருந்தது. "தண்ணி தாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தான் கேட்டதை மறந்தவள் போல மறுபடியும் கேட்டாள். சீற்றுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல் கிடந்தது. கஜேந்திரன் அதை எடுத்து யன்னலால் வெளியே எறிந்தான். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டான், ரோட்டைப் பார்த்தபடி.

"ஒங்க மூஞ்சியப் பாக்கக்கூடாதுன்னு சொன்னீங்களே."

"அது கோவத்துல சொன்னது."

"கோவத்துல சொல்லல, பயத்துல சொன்னீங்க. அதெல்லாம் எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதுக்கில்ல. தெல்தோட்டையில ஒங்க சித்தப்பா மக கலியாணத்துல என் கதிரை ஒடஞ்சுச்சே."

அவன் கையில் கியர் முரண்டியது. அந்தக் கலியாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது பிளாஸ்டிக் கதிரையின் காலொன்று மடங்கிச் சீதா மல்லாக்க விழுந்தாள். மண்டபமே சிரித்தது. இரண்டு வருஷமாக அவர்கள் இருவரும் அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை.

"சிரிச்சவங்கள்ல நீங்களும் இருந்தீங்க. நான் கீழ கெடந்துக்கிட்டுப் பாத்தேன். அன்னைக்கு முடிவெடுத்ததுதான் இது. சீனிக்காகன்னு ஊருக்குச் சொன்னேன். ஒங்களுக்கும் அதத்தான் சொன்னேன்."

மழை கண்ணாடியில் வாரி அடித்தது. கஜேந்திரன் யன்னலால் தலையை நீட்டி ரோட்டைப் பார்த்து ஓட்டினான். மடவளை பள்ளிவாசலைத் தாண்டி இறக்கத்தில் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தான்.

"எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல. ஓடி வந்து தூக்கினா என்னையும் சேத்துச் சிரிப்பாங்கன்னு நெனச்சேன். அதனால நானும் சிரிச்சேன். நாய்ப் பொழப்பு."

சீதா பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தான். அவள் தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது.

"சீதா! ஏய் சீதா! கண்ண மூடாத. பேசு. என்னைய வையி, என்னா வேணும்னாலும் சொல்லு. கண்ண மட்டும் மூடாத!"

பின்னாலிருந்து றம்ஸியா தகரத்தில் ஓங்கி அடித்தாள். "என்னா தம்பி? என்னா?"

"முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் சீதா, கண்ணைத் திறக்காமலே. "கத்தாதீங்க."

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் வாகனங்கள் அசையாமல் நின்றன. கீழே மகாவலி கலங்கிப் போய், மரக்கிளைகளைச் சுழற்றிக்கொண்டு ஓடியது. கஜேந்திரன் ஹோனில் வைத்த கையை எடுக்கவில்லை. யாரும் அசையவில்லை. அப்போது பின்னாலிருந்து றம்ஸியா இறங்கினாள். முக்காடும் சேலையும் உடம்போடு ஒட்டி, தலையில் லீக்ஸ் இலை தொங்க, ஒவ்வொரு வாகனமாகக் கண்ணாடியில் தட்டினாள். சிங்களத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சத்தம் போட்டாள். "லெடெக் இன்னவா! நோயாளி ஈக்கிறா! ஒதுங்குங்க!" ஒரு பஸ் அரையடி நகர்ந்தது. அதைப் பார்த்து ஒரு வேன். அந்தப் பெண் முன்னால் நடக்க, லொறி அவளுக்குப் பின்னால் ஊர்ந்து பாலத்தைக் கடந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கஜாலினி தள்ளுவண்டியோடு நின்றாள். கையைப் பிடித்துப் பார்த்தவளின் முகம் இறுகியது. சேலைன், ஊசி, ஸ்கேன் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தது. கஜேந்திரன் சேற்றுக் காலோடு சுவரோரம் ஒதுங்கி நின்றான். நடைபாதை முழுதும் அவன் கால் அச்சு. துடைக்கிற பெண் அவனைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனாள்.

கஜாலினி திரும்பி வந்தாள்.

"அண்ணை, நான் சொல்லிறதைக் கவனமாக் கேளுங்கோ. அக்காவின்ர இரைப்பையை நீளவாக்கில வெட்டி ஒடுக்கி, சின்னச் சின்னக் கிளிப் அடிச்சு மூடினது. அந்த வரிசையின்ர மேல் நுனியில ஒரு இடம் விட்டிட்டுது. அதால உள்ளுக்குக் கசிஞ்சு சீழ் கட்டியிருக்கு. பெரிய டொக்டர் திருப்பியும் கமரா விட்டுக் கழுவி, ஊத்தை வெளியில வர ஒரு குழாய் வைக்கப்போறார். சாப்பாட்டுக்குச் சின்னக்குடல்ல இன்னொரு குழாய்."

"யாரு செஞ்ச பிழை, டொக்டர்? கிளிப்பு சரியில்லியா? இல்ல அவ ஏதாச்சும் சாப்பிட்டாளா?"

"ஒருத்தரின்ர பிழையும் இல்லை. எவ்வளவு கவனமாச் செய்தாலும் நூறு பேரில ஒண்டு ரெண்டு பேருக்கு இப்பிடி வரும். ஒபரேஷனுக்கு முதல் நானே அக்காவுக்குச் சொன்னனான். உயிருக்கும் ஆபத்து வரலாம் எண்டும் சொன்னனான். அவ எல்லாத்தையும் விளங்கிக்கொண்டுதான் சைன் வைச்சவ."

"உயிருக்குன்னும் சொன்னீங்களா?"

"ஓம்."

"எங்கிட்ட அவ அதச் சொல்லல."

"ஆர் ஆருக்கு என்ன சொல்லேல்லை எண்டதைப் பிறகு கதைப்பம் அண்ணை. இப்ப போய் அக்காவைப் பாருங்கோ. கெதியாக் கொண்டுபோகப்போறம்."

தியேட்டர் கதவருகே சீதாவின் வண்டி நின்றது. மூக்கில் குழாய், கையில் சேலைன். பச்சைத் துணிக்குமேல் முகம் மட்டும் தெரிந்தது. அவனைக் கண்டதும் அவள் பழக்கத்தில் தலையை மறுபக்கம் திருப்பினாள்.

கஜேந்திரன் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான். குனிந்து, அவள் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டு வந்தான்.

"பாரு. நல்லாப் பாத்துட்டுப் போ. நீ வெளிய வர்ற வரைக்கும் இந்த மூஞ்சி இங்கதான் இருக்கும்."

சீதாவின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "தாடியச் செரைங்க. கண்றாவியா இருக்கு" என்றாள். கதவு மூடியது.

அந்தப் பகலும் பின்னேரமும் எப்படிப் போனதென்று கஜேந்திரனுக்குச் சொல்லத் தெரியாது. றம்ஸியா எங்கோ ஒரு மூலையில் தொழுதுவிட்டு வந்தாள். ஈரச் சேலை அவள் உடம்பிலேயே காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் தேத்தண்ணியும் பணிஸும் வாங்கி வந்து வைத்தாள். அவன் தொடவில்லை.

"தின்னுங்க தம்பி."

"அவ ஒரு சொட்டுத் தண்ணி கேட்டா, ராத்தா. நான் போத்தலத் தூக்கி வீசினேன்."

"வீசினது சரிதானே."

"சரிதான். ஆனா அவ பாத்த பார்வ..."

"இங்க பாருங்க. நீங்க குத்தவாளி மாதிரிக் குந்திக்கிட்டு ஈந்தா அவளுக்கு என்ன பிரயோசனம்? அவ வெளிய வந்தா நிக்கிறதுக்கு ஒரு ஆம்பள வேணும். பணிஸத் தின்னுட்டு நில்லுங்க."

அவன் தின்றான். தேத்தண்ணியையும் குடித்து முடித்தான்.

வெளிச்சம் மங்குவதற்குள் பெரிய டொக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். சிங்களவர்; சுருக்கமாகப் பேசுகிறவர். நன்றாகக் கழுவியிருக்கிறோம், இனி உடம்புதான் ஒத்துழைக்க வேண்டும், அடுத்த இரண்டு மூன்று நாளைத் தாண்டினால் பயமில்லை என்றார். கஜேந்திரன் கையெடுத்துக் கும்பிட்டான். லொறி ஞாபகம் அப்போதுதான் வந்தது. போய்ப் பார்த்தால், கூடைகளில் லீக்ஸ் மஞ்சள் பாரித்துக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே பூ விற்கிற பெண் கேட்டாள் என்று, நல்லதாகத் தெரிந்ததை அள்ளிக் கொடுத்துவிட்டு வந்தான்.

இரண்டு மூன்று நாளைச் சீதா தாண்டினாள். லேசாகத் தாண்டவில்லை. ஒருநாள் காய்ச்சல் ஏறி என்னென்னவோ பிதற்றினாள். பார்சல் கட்டச் சொல்லி யாரையோ அதட்டினாள். பிறகு மெல்ல மெல்ல இறங்கியது.

வாட்டில் நிரோஷினி மிஸ் என்றொரு தாதி இருந்தாள். கண்டிப்பானவள். "வீட்டுல யாரு குழாயில பால் குடுக்கிறது?" என்று கேட்டபோது மதுஷா முன்னால் வந்தாள். கஜேந்திரன் மகளைத் தள்ளிக்கொண்டு நின்றான். "நான் குடுக்கிறேன், மிஸ்." முதல் ஒபரேஷனின் காயத்தைக்கூடப் பார்க்க மறுத்தவன், இப்போது மனைவியின் வயிற்றிலிருந்து வெளியே வந்திருந்த மெல்லிய ரப்பர்க் குழாயைப் பிடித்து, கரைத்த மாப்பாலை ஊசிக் குழலால் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தப் பழகினான். கியர் பிடித்துக் காய்த்த விரல். முதல்நாள் அவசரப்பட்டுத் தள்ளிவிட்டுச் சீதாவிடம் ஏச்சு வாங்கினான்.

"லொறிக்கு டீசல் அடிக்கிறீங்களா? மெதுவா."

வீட்டுக்கு வந்தபிறகும் அதுவே. லொறிக்கு வேறு ஆளைப் போட்டான். பால் கொடுப்பான், வெந்நீரால் குழாயைக் கழுவுவான், பக்கத்துக் குழாயில் வடிகிற ஊத்தையின் நிறத்தைப் பார்ப்பான். முதலில் காபி நிறம், பிறகு வெளிர் மஞ்சள். வாயால் ஒன்றுமில்லை. ஊரே சமைக்கிற வாசம் யன்னலால் வரும்போது சீதா எழுந்து யன்னலைச் சாத்துவாள்.

ஓட்டை மூடிவிட்டதா என்று பார்க்கும் நாள் வந்தது. எக்ஸ்ரே அறையில் ஒரு கசப்பு மருந்தை விழுங்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். அன்றைக்குக் கஞ்சியாவது குடிக்கலாம் என்ற நினைப்பில் சீதா காலையிலேயே தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

கஜாலினி படத்தைக் காட்டினாள். "சின்னனாகிட்டுது அக்கா. ஆனா இன்னும் ஊசிமுனை அளவுக்குக் கிடக்கு. கொஞ்சநாள் பொறுக்கவேணும்."

சீதா தலையாட்டினாள். வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்ததும்தான் உடைந்தாள். ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் வாய்விட்டு அழுதாள்.

"நாக்கு செத்துப் போச்சுங்க. நான் பொழைச்சு என்னா? வாயும் இல்ல, வயிறும் இல்ல. குழாயில பால் ஊத்துற ஒரு மூட்டை."

கஜேந்திரன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானை நுனியை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தான். போகிறவர் வருகிறவர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. அழுகை தானாக ஓயும்வரை அப்படியே இருந்தான்.

ஓய்ந்தபிறகு சீதா மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "கடையத் தொறப்போம்."

"என்னாது?"

"பின்னேரம் வேணாம். காலையில மட்டும். இடியப்பமும் கறியும்."

"வாயில ஒரு சொட்டுத் தண்ணி வைக்க ஏலாது. நீ ஊருக்குச் சமைக்கப் போறியா? வாசம் வந்தாலே யன்னலச் சாத்துற."

"அடுத்தவ சமைச்ச வாசம் வந்தா வயித்தெரிச்சல். நான் சமைச்சா அது வேற. வேலயில்லாம குந்தியிருக்கத்தான் என்னால ஏலல."

திரும்ப உள்ளே போய்க் கஜாலினியைக் கேட்டார்கள். அவள் முதலில் சிரித்தாள். பிறகு, "பாரம் தூக்காதேங்கோ. கனநேரம் நிக்காதேங்கோ. ருசி பாக்கிறன் எண்டு நாக்கில வைச்சுத் துப்பிற வேலையும் வேண்டாம்" என்றாள். "சத்தியம் பண்ணுங்கோ."

சீதா சத்தியம் பண்ணினாள்.

அந்த ஊசிமுனை ஓட்டையும் அடைபட்டது. வெசாக் வெளிச்சக்கூடுகள் தொங்கத் தொடங்கிய நேரம் குழாய்களைக் கழற்றினார்கள். சீனி இறங்கியது, உடம்பும் வற்றியது. சந்தியில் அவளைத் தெரிந்தவர்களே ஒருகணம் யோசித்துத்தான் பேசினார்கள். அதெல்லாம் பிறகு.

கடை திறந்த அந்த முதல் காலை மழை இல்லை. பனி மட்டும் ரோட்டில் படுத்திருந்தது. றம்ஸியா வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணைக் கூப்பிட்டு இடியப்பம் பிழிய வைத்திருந்தார்கள். அடுப்பில் கத்தரிக்காய்க் கறி கொதித்தது. சீதா உயரமான ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வயிற்றுக் குழாயைச் சேலைக்குள் சொருகிக்கொண்டு, ஆவியைக் கையால் வாரி முகர்ந்தாள். மிளகாய் பச்சை வாடை போயிருந்தது. வெந்தயம் சரி. மிச்சம் மூக்குக்கு எட்டாது. அவள் அகப்பையில் கொஞ்சம் அள்ளிக் கஜேந்திரன் பக்கம் நீட்டினாள்.

"பாத்துச் சொல்லுங்க."

அவன் ஊதி வாயில் வைத்தான். "நல்லாருக்கு."

"இப்பிடித்தான் காலம் பூரா சொல்றீங்க. நான் கேக்கிறது என்னோட நாக்கு சொல்றத. நல்லாருக்குன்னா வெளிய பத்துப் பேரு வந்து சொல்லுவாங்க. நீங்க என்னா இருக்குன்னு சொல்லுங்க."

கஜேந்திரன் இன்னொரு தடவை அள்ளினான். இந்தமுறை கண்ணை மூடிக்கொண்டான். வாய்க்குள் வைத்துக் கொஞ்ச நேரம் புரட்டினான். வெளியே யாரோ பஸ்ஸை நிறுத்தி, "சீதாக்கா, கடை தொறந்தாச்சா?" என்று கூப்பிட்டார்கள். அவன் அசையவில்லை. பரீட்சை எழுதுகிறவன் மாதிரி நெற்றி சுருங்கியிருந்தது.

"புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றான் கடைசியில், தயங்கித் தயங்கி. "உப்பு சரி. ஆனா புளி, அதுதான் முன்னால வந்து நிக்குது."

சீதா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுடைய சமையலில் அவன் ஒரு குறை சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்பிடிச் சொல்லுங்க" என்றாள். தேங்காய்ப்பால் இருந்த கிண்ணத்தை எட்டி எடுத்து, கறியில் ஊற்றத் தொடங்கினாள். "போதும்னு நீங்க சொல்ற வரைக்கும் ஊத்துவேன்."